மோட்டார் சைக்கிளைப் பிக்கப்பில் ஏற்றும்போது



தோட்டம் மாறிப் போகும் குடும்பங்களை நாம் எத்தனையோ பார்த்திருக்கிறோம். கட்டில், அலமாரி, கோழிக்கூடு எல்லாம் பிக்கப்பில் ஏறிய பிறகு, கடைசியாக வீட்டின் ஒரே மோட்டார் சைக்கிளும் ஏறும். குளுவாங்கிலிருந்து ஆயர் ஈத்தாம்தானே என்று ராஃபியாக் கயிற்றால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, "தம்பி, பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொள்" என்று பையனையும் ஏற்றிவிடுகிறோம். இன்று பேசப்போவது அந்தப் பையனைப் பற்றித்தான்.

கப்சாய் வண்டி ஏறக்குறைய 100 கிலோ. திடீரென்று பிரேக் பிடித்தால், ஒரு பாரம் தன் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசையோடு முன்னே பாயலாம் என்ற கணக்கில்தான் பாரம் கட்டும் முறைகளை வகுத்திருக்கிறார்கள். அப்படியானால், 80 கிலோ மூட்டையின் பளு பையன்மேல் சாய்கிறது. வளைவில் பக்கவாட்டில் 50 கிலோ. அதே நொடியில் அவனும் அல்லவா தூக்கி எறியப்படுகிறான்! ஆகவே பையன் முன்னால் உட்காரட்டும். வண்டியைப் பட்டை பிடிக்கட்டும்.

ராஃபியா வேண்டாம். அது இழுபடும், கூர்மையான விளிம்பில் பட்டால் அறுந்துவிடும். லோரிக்காரர்கள் சாமான் கட்டும் இறுக்குப்பிடி வைத்த அகலப் பட்டை ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். நான்கு வாங்குங்கள்.

ஏற்றுவதற்குச் செம்பனைக் குலை ஏற்றும் மண் மேடு இருந்தால் பிக்கப்பை அதனோடு சேர்த்து நிறுத்துங்கள். பலகைதான் என்றால், அது நழுவாமல் பிக்கப்போடு கட்டிவிடுங்கள். மழையில் நனைந்த பலகை வழுக்கும். வண்டியை ஓட்டி ஏற்றாதீர்கள், இருவராகத் தள்ளுங்கள். பலகையின் நடுவில் போனபின் காலை ஊன்ற இடமிருக்காது.

முன்சக்கரம் முன்பலகையைத் தொடட்டும். முதல் கியரில் போட்டு, பெட்ரோல் குழாய் இருந்தால் மூடுங்கள். பக்க ஸ்டாண்டை மடக்கிவிடுங்கள். ஸ்டாண்டில் சாய்த்துக் கட்டினால், மேடு பள்ளத்தில் வண்டி அமுங்கி எழும்போது பட்டை தளரும். ஹேண்டலின் இரும்புப் பகுதியிலிருந்து (பிளாஸ்டிக் மூடியில் அல்ல) இரண்டு பட்டைகளை இருபுறமும் முன்னும் கீழுமாக இழுத்து, முன் ஸ்பிரிங் பாதி அமுங்கும் வரை சமமாக இறுக்குங்கள். முழுக்க அமுக்கினால் எண்ணெய் கசியக்கூடும். ஸ்கிராம்ப்ளர் வண்டிக்கு ஸ்பிரிங் நீளம் என்பதால், இளைஞர்கள் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு மரக்கட்டை வைத்து இறுக்குவார்கள், நல்ல யோசனைதான். மற்ற இரண்டு பட்டைகள் பின்பக்கம் ஆடாமலிருக்க.

இரட்டைக் கதவுப் பிக்கப்பின் தட்டு சுமார் ஒன்றரை மீட்டர்தான். மோட்டார் சைக்கிள் அதைவிட நீளம். பின்கதவைத் திறந்து வைத்தே போக நேர்ந்தால், பின்விளக்கும் நம்பர் தட்டும் மறையாமல் பாருங்கள், சிவப்புத் துணி கட்டுங்கள், இரவுப் பயணத்தைத் தவிருங்கள்.

செம்மண் பாதை முடிந்து தார்ச்சாலை ஏறியதும் ஒருமுறை நிறுத்தி, பட்டைகளைத் தொட்டுப் பாருங்கள். ஒன்றாவது தளர்ந்திருக்கும். இறக்கும்போது பின்பட்டைகளை முதலில் அவிழுங்கள். முன்பட்டைகளை அவிழ்க்கும் முன் ஒருவர் ஹேண்டலைப் பிடித்திருக்க வேண்டும். வண்டி நின்றபின் அந்த வேலையைத் தம்பியே செய்யலாம்.