பழைய கணினியும் புதிய இயங்குதளமும்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக இலுக்கும்புர நோக்கி ஏறும் பாதையில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் மீது, பலத்த காற்றுக்கும் திடீரென்று வந்து கவியும் மூடுபனிக்கும் பேர்போன ரிவர்ஸ்டன் இருக்கிறது. அதன் உயரத்திலே தொலைத்தொடர்புக் கோபுரம் ஓங்கி நின்றபோதிலும், தேயிலையையும் மிளகையும் நம்பி வாழும் அச்சுற்றுவட்டாரக் குடும்பங்களுக்கு மடிக்கணினி என்பது நினைத்தவுடன் மாற்றிக்கொள்ளக்கூடிய பொருளன்று. அதிலும், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ஒரு டொலரின் விலை சுமார் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களுக்குள் 360 ரூபாவளவுக்கு ஏறிய பின்னர், கையிலுள்ள கணினியை ரட்சித்துக்கொள்வது அத்தியாவசியமே ஆகிவிட்டது.

விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு மைக்ரோசொஃப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவுற்றது. அடுத்ததான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பையும், இன்டெல் ஆயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத செயலியையும் எதிர்பார்ப்பதால், அதற்கு முற்பட்ட கணினியை வைத்திருப்போர் சிலர் குறுக்குவழிகளால் அதனை ஏற்றிவிட்டு, பின்னர் திரை இருண்டுவிட்டதென்றும் ஒலி வரவில்லையென்றும் வைஃபை மறைந்துவிட்டதென்றும் வியாகூலப்படுகிறார்கள்.

இத்தகைய உபத்திரவங்களுக்குப் பிரதான காரணங்கள் மூன்று. உறுப்புகளுக்கும் இயங்குதளத்துக்கும் இடையே துபாஷிபோல் நின்று பேசும் டிரைவர் மென்பொருள் புதிய தளத்துக்குப் பொருந்தாமற் போவது ஒன்று. பல ஆண்டுகள் சுழன்று தேய்ந்த ஹார்ட் டிஸ்க் புதிய சுமையைத் தாங்காமை மற்றொன்று. மூன்றாவது காரணம் மலைநாட்டாருக்கு மிகவும் பரிச்சயமானது: பழைய கணினியின் பற்றரி பெரும்பாலும் செத்துப்போயிருக்குமாதலால், தரமுயர்த்தலின்போது கணினி பலமுறை தானாக அணைந்து எழுந்து கோப்புகளை மாற்றிக்கொண்டிருக்கும் தருணத்தில், காற்றிலே ஒரு மரக்கிளை முறிந்து மின்கம்பியில் விழுந்தாலும் போதும், வேலை பாதியில் அறுந்துபோகும். ஆகையால் பற்றரியைச் சோதியாமலும், யுபிஎஸ் போன்ற மாற்று மின் ஏற்பாடு இல்லாமலும் தரமுயர்த்தலில் இறங்குதல் உசிதமன்று.

பழுது நேர்ந்துவிட்டாலோ, முதற்கடமை கணினியைத் திருத்துவதன்று. உள்ளேயிருக்கும் பிள்ளைகளின் பாடங்களையும் குடும்பப் படங்களையும் பத்திரப்படுத்துவதே. விண்டோஸ் எழாவிடினும், லினக்ஸ் என்னும் வேறோர் இயங்குதளம் ஏற்றிய ஒரு பென் டிரைவைக் கொண்டு கணினியை இயக்கி, அக்கோப்புகளைப் பெரும்பாலும் வேறோர் இடத்துக்குப் பிரதி எடுத்துக்கொள்ளலாம். அதன் பின், விண்டோஸ் இலச்சினை தோன்றும்போது மின்விசையை அழுத்திப்பிடித்து அணைப்பதை இரண்டு மூன்று முறை செய்தால், மீட்புத் திரை பொதுவாகத் தானே தோன்றும். அதிலிருந்து சேஃப் மோட் வழியாக நுழைந்து, தகராறு செய்யும் டிரைவரை நீக்கி, கணினியைத் தயாரித்த நிறுவனம் அந்த மாதிரிக்கென வெளியிட்டதை நிறுவலாம். சிதைந்த கோப்புகளே காரணமென்றால், விண்டோஸுக்குள்ளேயே அமைந்த டிஸ்ம், எஸ்எஃப்சி ஆகிய கட்டளைகள் அவற்றைப் பரிசோதித்துச் செப்பனிடும். இவை யாவும் பலிக்காதபோது முந்தைய தளத்துக்கே திரும்பலாம். ஆனால் பழைய தளம் விண்டோஸ்.ஓல்ட் என்ற கோப்புறையில் வழக்கமாக 10 நாட்களே காத்திருக்குமாதலால், கணினியைத் தொடாமலே நாளைக் கடத்துவது நஷ்டத்தில் முடியும்.

உயிர் பெற்ற கணினி மந்தகதியில் ஊர்ந்தால், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி பொருத்துவது புதுக் கணினி வாங்குவதைவிடப் பன்மடங்கு சகாயமானது. விண்டோஸ் 11க்குத் தகுதியற்ற இயந்திரத்தில் அதைப் பலவந்தமாகப் புகுத்துவதிலும், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போன்ற இலேசான தளத்தை நிறுவுவதே சிலாக்கியமென்பது என் அபிப்பிராயம். தமிழில் எழுதவும் பாடங்களைப் படிக்கவும் இணையத்தில் உலாவவும் அது தாராளமாகப் போதும்.

எனவே, மழையிலும் பனியிலும் மலையிறங்கி நகரத்துக் கடைக்குக் கணினியைச் சுமந்து செல்லும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: உள்ளதையெல்லாம் அழித்துவிடும் ஃபோர்மட் என்ற சொல் காதில் விழுந்ததும் தலையசைத்துவிடாதீர்கள். “தம்பி, உள்ளுக்கு இருக்கிற பாடத்தையும் படத்தையும் முதல்ல எடுத்து வச்சிட்டு, அதுக்குப் பிறகு செய்யுங்க” என்று வாய்விட்டுக் கேளுங்கள். கணினி போனால் சிரமப்பட்டாவது இன்னொன்று வாங்கலாம். பிரதி எடுக்காத கோப்பு அழிந்தால் அதை மீட்பது பெரும்பாடு.