பூஞ்சணம் பிடித்த கடலை

போன ஐப்பசியில் துறையூரிலிருந்து மாமனார் ஒரு மூட்டை கடலை அனுப்பியிருந்தார். எங்கள் திருவெறும்பூர் வீட்டில் மழைத் தண்ணீர் ஒழுகி, மூட்டையின் அடியெல்லாம் பச்சையும் மஞ்சளுமாகப் பூஞ்சணம்! எனக்கு மனசே ஆறவில்லை. "நல்லா வறுத்தா சரியாப் போயிடும், மிச்சத்தைப் பால்காரம்மா மாட்டுக்குக் கொடுத்துடலாம்" என்று முறத்தை எடுத்தேன். உயிர்வேதியியல் படிக்கும் என் பெண் அதைப் பிடுங்கிக்கொண்டாள். "அந்த மாட்டுப் பாலைத்தானேம்மா பக்கத்து வீட்டுக் குழந்தை குடிக்குது?"

இந்தப் பூஞ்சண விஷத்துக்கு அஃப்ளடாக்சின் என்று பேர். 1960ல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகள் செத்து, காரணம் தேடியபோதுதான் கடலைப் புண்ணாக்கில் இது இருப்பது தெரிந்ததாம். அடுப்புச் சூட்டுக்கெல்லாம் முழுசாக அடங்காது. மாடு தின்றால் பாலிலும் வரும். 1974ல் ராஜஸ்தான், குஜராத் கிராமங்களில் மழையில் நனைந்து பூஞ்சணம் பூத்த மக்காச்சோளத்தைத் தின்று 397 பேர் காமாலையில் விழுந்தார்கள். 106 பேர் போய்விட்டார்கள். வேறு தானியம் வாங்க அந்த ஏழைகளிடம் காசு ஏது?

அது ஒரேயடியாக நிறையத் தின்றதால் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வருஷக்கணக்கில் சேர்ந்தால் கல்லீரலில் புற்றுநோய் வரலாம் என்கிறார்களே, அது எப்படி என்று கேட்டேன். என் சமையல் குறிப்பு நோட்டையே எடுத்து வந்தாள். இனிமேல் செய்ய வேண்டாத பலகாரத்துக்கு நான் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைப்பேன். நம் உடம்பின் செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்று ஒரு நோட்டு இருக்கிறதாம். அதிலும் "இதைச் செய்யாதே" என்று அங்கங்கே மெத்தில் குறிகள் உண்டாம். செல் இரண்டாகப் பிரியும்போது எழுத்து, குறி இரண்டையும் புது நோட்டில் பார்த்து எழுத வேண்டும்.

கல்லீரல் செல் சாதாரணமாக அடிக்கடி பிரியாது. குடியோ, காமாலைக் கிருமியோ, விஷமோ புண்ணாக்கினால், ஆற்றிக்கொள்ளப் பிரியும். அந்த நேரம் பார்த்து ஏட்டில் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி விஷம் ஒட்டியிருந்தால்? அஃப்ளடாக்சின் எழுத்தையே மாற்றிவிடும். புற்றுநோய் உண்டாக்கும் பல பொருள்கள் குறி போடும் வேலையையும் கெடுக்கின்றன என்று 1980களிலேயே சோதனைச்சாலைகளில் கண்டிருக்கிறார்கள். குறி விட்டுப்போனால், அடங்கிக் கிடக்க வேண்டியது விழித்துக்கொள்ளும். அந்தத் தப்பு மகள் செல், பேத்தி செல் என்று போய்க்கொண்டேயிருக்கும். மாமியார் சொன்ன முறுக்கு அளவை நான் தப்பாக எழுதி, அது என் பெண் வரை வந்திருக்கிறதே, அந்த மாதிரி!

ஹெபடைடிஸ் பி கிருமியும் கூடச் சேர்ந்தால் ஆபத்து பல மடங்காம். குழந்தை பிறந்ததும் போடுகிற அந்த ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

மூட்டையைக் குழி வெட்டிப் புதைத்தேன். இப்போதெல்லாம் கடலையைச் சலசலவென்று காயவைத்துப் பலகை மேல்தான் வைக்கிறேன். சுருங்கினது, நிறம் மாறினது, கசக்கிறது எல்லாம் குப்பைக்கு. மாமனாரிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. கடலை உருண்டை எங்கேம்மா என்று போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.