மூச்சு முட்டும் எஞ்சின்

1932-ல் ஃபோர்டு நிறுவனம் எளியவர் வாங்கும் விலையில் வி-8 எஞ்சின் பொருத்திய காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். வால்வுகள் சிலிண்டருக்கு மேலே இல்லாமல் பக்கத்தில், பிளாக்குக்குள்ளேயே இருக்கும்; ஹெட் என்பது தட்டையான மூடிதான். அதனால்தான் பிளாட்ஹெட் என்று பெயர். அமெரிக்காவில் 1953 வரை தயாரான இந்த எஞ்சினைப் பழைய கார் பிரியர்கள் இன்றும் பிரித்துப் போட்டு வேகம் ஏற்றுகிறார்கள். பலரும் முதலில் வாங்குவது பளபளக்கும் அலுமினிய ஹெட்டும் இரண்டு மூன்று கார்புரேட்டர்களும்தான். பணம் போக வேண்டிய முதல் இடம் அதுவல்ல என்பேன். இந்த எஞ்சினுக்குப் பசி குறைவில்லை, மூச்சுதான் முட்டுகிறது.

உள்ளே வரும் பெட்ரோல்-காற்றுக் கலவை வால்வைத் தாண்டி மேலேறி, பக்கவாட்டில் திரும்பி, மூடிக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள குறுகிய வழியாகத்தான் சிலிண்டருக்குள் இறங்க வேண்டும். கம்ப்ரெஷனைக் கூட்ட மூடியைத் தாழ்த்தினால் அந்த வழியும் சேர்ந்து அடைபடும். வழியை அகலப்படுத்த, வால்வுக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள இரும்பைச் சரிவாகத் தேய்த்து எடுப்பார்கள். அப்படிச் செய்தால் கம்ப்ரெஷன் குறைகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். சாலையில் நிதானமாக ஓடும் காருக்கு அந்த வேலை வேண்டாம். அதிகச் சுழற்சியில் ஓடும் பந்தய எஞ்சினுக்கு மட்டும், இழந்த கம்ப்ரெஷனைவிடக் கிடைத்த காற்று பெரிது.

வெளியேறும் வழி இன்னும் மோசம். எரிந்த வாயு பிளாக்கின் ஊடாக, சிலிண்டர்களை உரசிக்கொண்டு, தண்ணீர் சூழ்ந்த குழாய்களில் போகிறது. பக்கத்துக்கு நான்கு சிலிண்டர், வாசலோ மூன்று. நடுவிலுள்ள இரண்டுக்கும் ஒரே வாசல். சூட்டையெல்லாம் தண்ணீர் வாங்கிக்கொள்வதால்தான் இந்த எஞ்சின்கள் கொதிப்பதற்குப் பேர் போனவை. கொள்ளளவைக் கூட்ட நினைப்பவர்கள், ஃபோர்டின் இன்னொரு பிராண்டான மெர்குரியின் 4 அங்குல ஸ்ட்ரோக் கிராங்க்ஷாஃப்டைப் போட்டு, சிலிண்டரை 3 5/16 அங்குலத்துக்குக் கடைந்தால் 276 கன அங்குலம் கிடைக்கும். ஆனால் சிலிண்டர் சுவர் மெலியும். எனவே கடைசலுக்கு முன் பிளாக்கைக் காந்தமேற்றி இரும்புப் பொடி தூவிப் பார்க்க வேண்டும். வால்வு இருக்கையிலிருந்து சிலிண்டரை நோக்கி மயிரிழைபோலப் பொடி கோடாகத் திரண்டால் அது விரிசல். அந்த பிளாக்கில் காசைக் கொட்டாதீர்கள்.

சூப்பர்சார்ஜர் காற்றைத் திணித்துவிடுமே என்பார்கள். திணிக்கும், ஆனால் அதிகம் எரிவது அத்தனையும் அதே இரும்பு வழியாகத்தான் வெளியேற வேண்டும். 1950-ல் போனவில் உப்புச் சமவெளியில் மெர்குரி பிளாட்ஹெட் பூட்டிய சோ-கால் ஸ்ட்ரீம்லைனர் என்ற பந்தயக் கார் மணிக்கு 200 மைலைத் தாண்டியது உண்மை. அதில் பெரும்பங்கு காற்றைக் கிழிக்கும் அதன் உடற்கட்டுக்குச் சேரும், ஓட்டமும் சில மைல்களே. பொறியாளர் சோரா ஆர்கஸ்-டன்டாவ் 1947 வாக்கில் இதே பிளாக்குக்கு ஆர்டன் ஹெட் செய்தபோது வால்வுகளை மேலே தூக்கி, புகையை பிளாக்குக்குள் விடாமலே வெளியேற்றினார். நோய் எங்கே என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த ஹெட் விலை கட்டுப்படியாகாதவர்கள் விரிசலில்லாத பிளாக், சுத்தமான தண்ணீர் வழி, அகலப்படுத்திய புகை வாசல் என்ற வரிசையில் செலவழிக்கட்டும். மூன்றாவது கார்புரேட்டர் அப்புறம் வரலாம், வராமலும் போகலாம்.