காறையும் திறவுகோலும்

கழுத்தில் அணியும் அணிகளுள் ஒன்று காறை. அது படியும் இடத்தில் குறுக்கே கிடக்கும் என்பைக் காறையென்பு என்று நாம் வழங்குகிறோம். இலத்தீன் மொழியாரோ அதனைச் சிறு திறவுகோல் என்றனர். அவ்வென்பு ஒடிந்தால் கை என்னும் கதவே திறவாது என்பதை என் வீட்டிலேயே கண்டேன்.

என் சகோதரியின் மகன் கல்முனைக் கரையில் கரைவலை இழுத்துப் பிழைப்பவன். மாரி மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கித் தோள்பட விழுந்தான். காறையென்பு மூன்று துண்டாயிற்று. முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. "முறிவு வைத்தியரிட்ட கட்டினாப் போதும் மச்சான்" என்றார் அவனுடைய வாப்பா. அவனோ, "மாமா, வலை இழுக்க ஏலுமா?" என்ற ஒன்றையே கேட்டான்.

வாப்பாவின் சொல்லைப் பழமை என்று தள்ளுதல் தகாது. அமெரிக்க நிபுணர் சார்ள்ஸ் நீயர் 1960 இல் வெளியிட்ட கணக்கில், கத்தி வைக்காது கட்டிவிடப்பட்ட 2,235 முறிவுகளுள் மூன்றே பொருந்தாது போயின. ஆனால் வளர்ந்தோருள், முனைகள் முற்றாய் விலகிய முறிவுகளை மட்டும் ஆய்ந்து கனடிய மருத்துவர்கள் 2007 இல் வெளியிட்ட முடிவு வேறு. கையைத் தொட்டிலிட்டுத் தொங்கவிட்ட 49 பேருள் 7 பேருக்கு என்பு கூடவில்லை. தகடு வைத்த 62 பேருள் இருவருக்கே அக்குறை நேர்ந்தது.

சத்திரசிகிச்சையிலும் வழி இரண்டு உண்டு. ஒன்று, என்பின்மேல் தகடு பதித்துத் திருகாணியால் இறுக்குவது. துண்டுகள் பலவாயினும் தகடு அவற்றை நீளம் குறையாது தாங்கும். ஆயின் வடு நீளும், அதன் கீழே தோல் மரத்துப் போதலும் உண்டு. மற்றது, உட்குழலில் வளையும் டைட்டேனியக் கம்பியைச் செலுத்துவது. வடு சிறிது, ஆயின் துண்டுகள் பலவானால் என்பு குறுகிவிடலாம், கம்பியின் முனை தோலை உறுத்துவதால் பின்னர் அதனை எடுக்கவும் நேரும். ஓராண்டு கழிந்தபின் தோளின் தொழிலில் இவ்விரண்டிற்கும் பெரும் வேற்றுமை இல்லை என்பதே ஆய்வுகள் பலவற்றின் முடிவு.

ஆகவே, எது உயர்ந்தது என்பதினும், எம்முறிவுக்கு எது பொருந்தும் என்பதே தக்க வினா. மூன்று துண்டாகிய என்புக்கு நிபுணர் தகட்டையே தேர்ந்தார்.

சில திங்கள் கழிந்து கடல் அடங்கியது. தோளில் ஒரு சாண் வடுவோடு மருமகன் கயிற்றைப் பற்றினான். வாப்பா கரையில் நின்று, வலையைப் பாராமல் அவன் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார்.