கோல்கியின் வலை, கஹாலின் இடைவெளி

‘நரம்புச் செல்லின் படம் வரைந்து பாகங்களைக் குறி.’ பள்ளியில் எல்லோரும் சந்தித்த கேள்விதான். சல்லிவேர் விட்ட முள்ளங்கி மாதிரி ஒன்றை வரைந்து, டெண்ட்ரைட், சைட்டான், ஆக்ஸான் என்று மூன்று அம்புக்குறி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்போம். அந்த முள்ளங்கி தனித்து நிற்கும் ஒரு செல்தானா என்பதில் ஐரோப்பிய விஞ்ஞானிகள் பல்லாண்டுகள் மோதிக்கொண்டார்கள். தோற்ற கட்சிக்காரரும் ஜெயித்த கட்சிக்காரரும் ஒரே நோபல் பரிசைப் பங்குபோட்டுக்கொண்டார்கள். பாடப்புத்தகத்தில் இந்தக் கதைக்கு இடமில்லை.

இத்தாலியில் மிலானுக்குப் பக்கத்தில் அபியாத்தேகிராஸோ என்று ஒரு சிற்றூர். அங்கே தீராத நோயாளிகளை வைத்துப் பராமரிக்கும் மருத்துவமனையில் தலைமை மருத்துவர் கமிலோ கோல்கி. செல் பாடத்தில் ‘கோல்கி உறுப்பு’ என்று படித்தோமே, அந்தக் கோல்கிதான். மருத்துவமனைச் சமையலறை ஒன்றை ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டு, மூளைத் துண்டுகளைப் பொட்டாசியம் டைக்ரோமேட்டில் ஊறப்போட்டார். பிறகு சில்வர் நைட்ரேட்டில் போட்டார். மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது மஞ்சள் பின்னணியில் சில செல்கள் மட்டும் கிளையும் கொப்புமாகக் கன்னங்கரேலென்று தெரிந்தன. 1873-இல் அதை வெளியிட்டார்.

‘சில மட்டும்’ என்பதில்தான் சூட்சுமம். பல்லாயிரம் நூல்கள் சிக்கிக் கிடக்கும் கண்டு என்று மூளைத் திசுவை வைத்துக்கொள்ளுங்கள். எல்லா நூலுக்கும் சாயம் ஏறினால் ஒன்றும் விளங்காது. ஒரே ஒரு நூல் கறுத்தால், அதன் நுனியிலிருந்து நுனிவரை விரல் வைத்துப் போகலாம். ஏன் அந்தச் சில செல்கள் மட்டும் கறுக்கின்றன என்பதற்கு இன்றும் முழுமையான விளக்கம் இல்லை.

ஆனால் நூலைக் கண்ணெதிரே கொண்டுவந்தவர், அதன் நுனியைக் கவனிக்கவில்லை. ஆக்ஸான்களின் கிளைகள் ஒன்றோடொன்று கலந்து, மூளை முழுவதும் ஒரே வலையாக ஓடுகிறது என்றே கோல்கி கடைசிவரை நம்பினார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அன்றைய கருவிகளில் இரண்டு இழைகள் ஒட்டியிருக்கின்றனவா, நெருங்கி மட்டும் நிற்கின்றனவா என்று பிரித்துச் சொல்வது லேசான காரியமில்லை.

நுனியைக் கவனித்தவர் ஸ்பெயின்காரர், சந்தியாகோ ரமோன் இ கஹால். ஓவியனாக வேண்டும் என்று அடம்பிடித்த பையன். மருத்துவரான அப்பா, முடிவெட்டும் கடைக்கும் செருப்புத் தைப்பவரிடமும் தொழில் பழக அனுப்பிப் பார்த்தார். பதினோரு வயதில் தானே செய்த பீரங்கியால் அக்கம்பக்கத்துக் கதவைத் தகர்த்துச் சிறைக்கும் போய்வந்தான். கடைசியில் அப்பாவே கல்லறைகளுக்கு அழைத்துப்போய், எலும்புகளை வரையவைத்து உடற்கூறியல் சொல்லிக்கொடுத்தார். அந்தக் கை வீண்போகவில்லை. இன்றைக்கும் நரம்பியல் நூல்களில் அவர் வரைந்த படங்கள் அச்சாகின்றன.

கோல்கியின் சாயத்தை அவர் பார்த்ததே 1887-இல், மாட்ரிடில் ஒரு நண்பரின் ஆய்வுக்கூடத்தில். பார்த்த கையோடு இரண்டு மாற்றங்கள் செய்தார்: சாயத்தை இரண்டு முறை ஏற்றினார், நரம்புகளுக்கு மயலின் என்ற கொழுப்பு உறை போர்த்தாத கருக்களையும் குஞ்சுகளையும் எடுத்துக்கொண்டார். உறை உள்ள இடத்தில் இந்தச் சாயம் சரியாகப் பிடிக்காது. 1888-இல், தானே தொடங்கிய பத்திரிகையில் முடிவை எழுதினார்: இழைகள் கலப்பதில்லை, ஒவ்வொரு செல்லும் தனி ஆள். 1889-இல் பெர்லின் மாநாட்டுக்குத் தன் ஸ்லைடுகளைச் சுமந்துபோய் ஜெர்மானிய ஜாம்பவான்களைப் பார்க்கவைத்தார். 1891-இல் ஜெர்மானிய உடற்கூறியலாளர் வால்டையர் அந்தத் தனி ஆளுக்கு ‘நியூரான்’ என்று பெயர் வைத்தார். பெயர் வைத்ததைத் தவிர இதில் அவர் புதிதாகக் கண்டுபிடித்தது எதுவுமில்லை; பெயரோ நிலைத்துவிட்டது.

தனி ஆள் என்றால் கைமாற்றிவிடுவதற்கு ஒரு திசை வேண்டும். டெண்ட்ரைட் வழியாக வாங்கி, ஆக்ஸான் வழியாகக் கொடுப்பது. நரம்பு மண்டலத்தின் அமைப்பே இந்த ஒருவழிப் பாதைதான். தோசைக்கல்லில் விரல் பட்டுவிட்டது. உணர்வு நியூரான் சேதியைத் தண்டுவடத்துக்குக் கொண்டுபோகிறது; அங்கே இடை நியூரான் வாங்கி, இயக்க நியூரானிடம் கொடுக்கிறது; கைத்தசை சுருங்கி, கை விலகிவிடுகிறது. மூளைக்கு ‘சுட்டுவிட்டது’ என்று தெரிவது அதற்குப் பிறகுதான். முதலில் சுரீர், அப்புறம் நின்று எரியும் எரிச்சல் என்று வலி இரண்டு தவணையாக வருவது இழைகளின் வேகக் கணக்கு. சுரீர் வருவது மயலின் உறை போர்த்த மெல்லிய இழையில். எரிச்சல் வருவது உறை இல்லாத இழையில், விநாடிக்கு சுமார் ஒரு மீட்டர், நாம் நடக்கிற வேகத்தில்.

செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே உள்ள சந்திப்புக்கு 1897-இல் ஆங்கிலேய உடலியங்கியலாளர் ஷெரிங்டன் ‘சினாப்ஸ்’ என்று பெயரிட்டார், அந்த இடைவெளியைக் கண்ணால் காணாமலே. 1950-களில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் அதைக் காட்டியது: சுமார் 20 நானோமீட்டர். அந்த இடைவெளியைப் பெரும்பாலும் ரசாயனங்கள்தான் கடந்து சேதி சொல்கின்றன.

கஹால் ஜெயித்தது கோல்கியின் சாயத்தால். அதனால் 1906-இல் ஸ்டாக்ஹோம் இருவருக்கும் சேர்த்தே பரிசு கொடுத்தது. கோல்கி தன் நோபல் உரையை நியூரான் கொள்கையைத் தாக்கவே பயன்படுத்தினார். மறுநாள் கஹால், அதே கொள்கைக்கான ஆதாரங்களை அடுக்கினார். பரிசை வாங்கிய மேடையில் பங்காளியின் வேலையை மறுப்பது ரசக்குறைவுதான். ஆனாலும் தன் கண்ணை நம்பிய மனிதரின் பிடிவாதம் அதில் இருக்கிறது.

நியூரானுக்கே இத்தனை ரகளை என்றால், பக்கத்திலிருந்த கிளியா செல்களை யார் கவனிப்பார்கள்? 1856-இல் ஜெர்மானிய மருத்துவர் ஃபிர்கோ அவற்றுக்கு ‘நரம்புப் பசை’ என்று பொருள்படப் பெயர் சூட்டினார். பசை என்றே ஒதுக்கிவிட்டார்கள். மயலின் உறையைச் சுற்றுவதும், செத்த செல்களின் குப்பையை அள்ளுவதும், சினாப்ஸில் சிந்திய ரசாயனத்தைத் துடைப்பதும் இவைதான். நியூரானைவிடக் கிளியா பத்து மடங்கு என்று வெகுகாலம் எழுதிவந்தார்கள். பிரேசில் விஞ்ஞானிகள் மூளையைக் கரைத்துக் கூழாக்கி, செல் உட்கருக்களை எண்ணி 2009-இல் கணக்குச் சொன்னார்கள்: நியூரான் சுமார் 8,600 கோடி, கிளியாவும் ஏறத்தாழ அவ்வளவே. நியூரான்களில் ஐந்தில் நான்கு பங்கு, பின்னந்தலையில் உள்ள சிறுமூளைக்குள் இருக்கின்றன.

கோல்கி 1926-இல் காலமானார். 2023-இல் நார்வேயிலிருந்து ஒரு ஆய்வு வெளிவந்தது. சீப்பு ஜெல்லி என்ற கண்ணாடி போன்ற கடலுயிரியின் குஞ்சை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் அங்குலம் அங்குலமாகப் பார்த்திருக்கிறார்கள். அதன் தோலடி நரம்பிழைகளுக்கு நடுவே இடைவெளி இல்லை. ஒன்றோடொன்று கலந்து ஒரே வலையாக ஓடுகின்றன.