ஒரு எழுத்து என்ன சொல்கிறது?

ஏலப்பாறை இடுக்கி மாவட்டத்தில் உள்ளது. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். கொழுந்து பறிப்பவர்களில் பலர் தமிழ் பேசுபவர்கள். இன்று லயத்து வீட்டிலும் செல்போன் இருக்கிறது. வங்கிக் கணக்கையும் போனிலேயே பார்க்கலாம்.

போனில் ஒரு செய்தி வருகிறது. அதில் நீல நிறத்தில் ஒரு வரி. "இதைத் தொடுங்கள்" என்கிறது. இதை லிங்க் என்பார்கள். தமிழில் இணைப்பு. தொடலாமா? அதற்கு முன் முகவரியைப் படிக்க வேண்டும்.

அட்டையும் கவரும்

தபால் அட்டையில் எழுதியதை வழியில் யாரும் படிக்கலாம். கவரில் போட்டு ஒட்டினால் படிக்க முடியாது.

இணையத்திலும் அப்படித்தான். முகவரியின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் 'எச்டிடிபி' என்று மட்டும் இருந்தால் அது அட்டை. அதோடு 'எஸ்' சேர்ந்தால் கவர். எஸ் என்பது பாம்பு போல வளைந்த எழுத்து. எஸ் இருந்தால் நாம் தரும் விவரம் புரியாத எழுத்துகளாக மாறிப் போகும். போய்ச் சேரும் தளம்தான் அதைப் படிக்க முடியும்.

அமெரிக்காவின் நெட்ஸ்கேப் நிறுவனம் 1990களின் நடுவில் இந்த முறையைக் கொண்டு வந்தது. எஸ் இல்லாத தளத்தை, 2018 ஜூலை முதல் கூகுள் குரோம் 'பாதுகாப்பானது அல்ல' என்று காட்டுகிறது.

எஸ் எப்படி வருகிறது?

ஒரு மகளிர் குழு ஏலக்காய் விற்க வலைத்தளம் வைக்கிறது என்று கொள்வோம். அதைப் பார்த்துக்கொள்பவர் கம்ப்யூட்டர் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. மூன்று வேலைகள் போதும்.

1. தளத்துக்குச் சான்றிதழ் வாங்க வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 முதல் இதை இலவசமாகத் தருகிறது. அதிகம் போனால் 90 நாள்தான் செல்லும். தானாகப் புதுப்பிக்கும்படி வைக்க வேண்டும்.

2. எஸ் இல்லாத முகவரியில் வருபவரை, எஸ் உள்ள முகவரிக்குத் திருப்பிவிட வேண்டும்.

3. பக்கத்தில் உள்ள படங்களும் எஸ் உள்ள முகவரியிலிருந்தே வர வேண்டும். இல்லாவிட்டால் கதவைப் பூட்டி ஜன்னலைத் திறந்து வைத்தது போல ஆகும்.

தெரியாவிட்டால், தளத்துக்கு இடம் தரும் நிறுவனத்திடம் கேட்கலாம்.

எஸ் இருந்தால் போதுமா?

போதாது. சான்றிதழ் இலவசம். திருடனும் வாங்கலாம். தளம் நடத்துபவர் நல்லவரா என்று யாரும் விசாரிப்பதில்லை. கவர் ஒட்டித்தான் இருக்கிறது. ஆனால் அது திருடன் வீட்டுக்கே போய்ச் சேர்கிறது!

முன்பு எஸ் உள்ள தளத்துக்குப் பூட்டுப் படம் காட்டினார்கள். பூட்டைப் பார்த்துப் பலர் தளத்தையே நம்பினார்கள். அதனால் குரோம் 2023இல் அந்தப் படத்தை எடுத்துவிட்டது.

எஸ் வழியைக் காக்கும். ஆளைப் பற்றிச் சொல்லாது.

ஆளை அறிவது எப்படி?

பெயரைப் படிக்க வேண்டும். எஸ்ஸுக்குப் பின் இரண்டு சாய்கோடுகள் வரும். பெயர் அங்கே தொடங்கும். அடுத்த சாய்கோட்டில் முடியும். பெயரின் கடைசிப் பகுதிதான் முக்கியம்.

வங்கிகள் 2025 அக்டோபர் 31க்குள் '.பேங்க்.இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வங்கிகளுக்கு மட்டுமே இந்த முகவரி கிடைக்கும். அதற்குப் பிறகு புள்ளி வைத்து வேறு சொல் வந்தால், அது வங்கியின் முகவரி அல்ல.

சந்தேகமா? இணைப்பைத் தொட வேண்டாம். வங்கிக்கு நேரில் போய்க் கேட்கலாம். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். தாமதித்தால் பணம் கைமாறிப் போகும்.

1991 ஏப்ரல் 18 அன்று கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் அந்தப் பழக்கம் போனிலும் உதவும். அவசரப்படாமல் கடைசி எழுத்து வரை படிப்போம்.

பேசிப் பார்ப்போம்

1. அட்டைக்கும் கவருக்கும் என்ன வேறுபாடு?
2. எஸ் இருந்தும் ஒரு தளம் ஏமாற்ற முடியுமா? எப்படி?
3. உங்கள் வங்கியின் முகவரி எப்படி முடிகிறது?