மாசியில் ஐப்பசி மழையா?

தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் ஆயிரக்கணக்கான சுவடிகள் உள்ளன. அவற்றில் வேண்டிய ஒன்றை எப்படித் தேடுவது? ஒவ்வொரு கட்டாக அவிழ்த்துப் பார்க்க ஆயுள் போதாது. பட்டியல் வேண்டும் அல்லவா? அங்குள்ள வடமொழிச் சுவடிகளுக்குப் பர்னெல் என்ற ஆங்கிலேயர் பொருள்வாரியான பட்டியல் ஒன்றை 1880இல் வெளியிட்டார். அதே சுவடிகளை அகரவரிசையிலும் பட்டியலிடலாம். சுவடி இருந்த இடத்திலேயே இருக்கும். மாறுவது பட்டியலின் வரிசைதான்.

கணிப்பொறியிலும் இப்படித்தான். கோப்புகள் அடங்கிய இடத்தை அடைவு என்கிறோம். யூனிக்ஸ், லினக்ஸ் கணிப்பொறிகளில் 'எல்எஸ்' என்று சிறிய ஆங்கில எழுத்துகளில் தட்டினால், அடைவிலுள்ள கோப்புகள் பெயர் வரிசையில் திரையில் தோன்றும். 1971இல் வந்த யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே இக்கட்டளை உண்டு. சற்று இடம் விட்டு, ஒரு சிறுகோடும் சிறிய 'டி'யும் சேர்த்தால், கடைசியாகத் திருத்திய கோப்பு முதலில் வரும். 'டி'க்குப் பதில் பெரிய 'எஸ்' என்றால், அளவில் பெரிய கோப்பு முதலில் வரும். சிறிய 'ஆர்' வரிசையைத் தலைகீழாக்கும்.

ஓர் எச்சரிக்கை! உங்கள் ஊர் மழையளவை மாதத்துக்கு ஒரு கோப்பாக, மழை1 முதல் மழை12 வரை எழுதி வைத்திருப்பதாகக் கொள்வோம். பட்டியல் எப்படி வரும்? மழை1, மழை10, மழை11, மழை12, மழை2...! காரணம் எளிது. கணிப்பொறி 10ஐப் பத்து என்று படிப்பதில்லை; அகராதியைப் போல ஒவ்வொரு குறியாக ஒப்பிடுகிறது. 2க்கு முன் 1 வருவதால், 10ம் முந்திக்கொள்கிறது.

இந்த வரிசையை நம்பி வரைபடம் வரைந்தால், அக்டோபர், நவம்பர், டிசம்பர் மழை பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் இடங்களில் போய் உட்காரும். சம்பா அறுவடையாகும் மாசியில் ஐப்பசி அடைமழை! டெல்டா உழவர் பார்த்தவுடன் பிழையைச் சொல்லிவிடுவார். கணிப்பொறிக்கோ அது தெரியாது.

பரிகாரம்? மழை01, மழை02 என்று பெயரிடுங்கள். லினக்ஸில் சிறிய 'வி' சேர்த்தால், எண்ணை எண்ணாகவே மதித்து வரிசைப்படுத்தும்.

இப்போது ஒரு கேள்வி. மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை நாள்தோறும் ஒரு கோப்பில் குறிக்கிறீர்கள். 12-06-2025, 05-07-2025 என்று பெயரிட்டால் எது முதலில் வரும்? 2025-06-12, 2025-07-05 என்று மாற்றினால்? முதலில் தாளில் எழுதுங்கள். பிறகு கணிப்பொறியில் தட்டிச் சரிபாருங்கள்.